உடல் கொதிக்கும்போது: ஊக்கப் போதைப்பொருள் நச்சுக்கு முதல் மணி நேரச் சிகிச்சை

நம் ஊர் அவசரப் பிரிவுகளுக்குப் பூச்சிமருந்தும் அரளி விதையும் பாம்புக்கடியும் அத்துபடி. சாராயம் குடித்து நினைவிழந்தவரையும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றி மூச்சு மந்தமானவரையும் எப்படிப் பார்ப்பது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியருக்குக்கூடத் தெரியும். ஊக்கப் போதைப்பொருள் எடுத்தவர் வந்தால்தான் தடுமாறிப்போகிறோம். இவர் தூங்குவதில்லை, எழுந்து ஓடுகிறார். மயங்குவதில்லை, அடிக்க வருகிறார். அதனால் நோயாளி என்பது மறந்து, ரௌடி என்று நினைத்துவிடுகிறோம். கட்டிலோடு கட்டுகிறோம், போலீஸுக்குச் சொல்கிறோம். அவர் அடங்கியதும் அப்பாடா என்று அடுத்த கேஸுக்குப் போய்விடுகிறோம். மருந்து கொடுக்காமலே திடீரென்று அடங்கினால் அது நிம்மதிப்படும் நேரமல்ல. அடுத்த சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடக்கூடும்.

வட்ட மருத்துவமனையிலும் சிறிய தனியார் மருத்துவமனையிலும் இரவுப் பணி பார்க்கும் டாக்டர்கள், செவிலியர்கள், 108 ஊழியர்கள் ஆகியோருக்காக இந்த அத்தியாயம். நண்பர்களும் வீட்டாரும் செய்யவேண்டியதைத் தனியே சொல்லியிருக்கிறேன். மருந்தளவுகள் அனைத்தும் பெரியவர்களுக்கானவை. டாக்டர் மேற்பார்வையில் மட்டும் கொடுக்க வேண்டியவை.

உள்ளே என்ன நடக்கிறது

மெத்தம்ஃபெட்டமின், கோகெய்ன், எம்.டி.எம்.ஏ. மூன்றும் நரம்பு முனைகளில் டோபமின், நார்அட்ரினலின், செரடோனின் ஆகியவற்றை அளவுக்கு மீறி ஏற்றிவிடுகின்றன. வெளியே வந்த வேதிப்பொருளைத் திரும்ப உள்ளே போகவிடாமல் கோகெய்ன் தடுக்கிறது. மெத்தம்ஃபெட்டமின், சேர்த்து வைத்திருப்பதையே கொட்டவைக்கிறது. எம்.டி.எம்.ஏ.வுக்கு முக்கிய இலக்கு செரடோனின். கோகெய்னில் பாதி ஒரு மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும்; மெத்தம்ஃபெட்டமினில் பாதி போவதற்கே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே கோகெய்ன் நோயாளியை ஒரு மணி நேரம் காப்பாற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மெத் நோயாளிக்கு விடிய விடியக் காவல் வேண்டும்.

விளைவு ஒரே மாதிரிதான். நாடி தறிகெட்டு ஓடும், ரத்த அழுத்தம் ஏறும், தசைகள் ஓயாமல் வேலை செய்து சூட்டை உண்டாக்கும். தோலிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கிடப்பதால் அந்தச் சூடு வெளியேற வழியிருக்காது. உடல் வெப்பம் 40, 41 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தசை சிதைகிறது, சிறுநீரகம் அடைபடுகிறது, ரத்தம் உறையும் ஒழுங்கு கெடுகிறது, கல்லீரலும் மூளையும் பழுதாகின்றன. இந்த நோயாளிகளைக் கொல்பவை சூடும் இதயக் கோளாறும் மூளை ரத்தக்கசிவும். எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கைவிட இப்போது அவர் உடம்பில் எத்தனை டிகிரி என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

வெளிச்சூடும் இதில் சேர்ந்துகொள்ளும். நியூயார்க் நகரத்து மரணங்களை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வு, பகல் வெப்பம் 31.1 டிகிரியை எட்டிய நாட்களில் கோகெய்ன் மிகை மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்ததைக் காட்டியது. சென்னையிலும் மதுரையிலும் ஆண்டில் எத்தனை நாள் 31ஐத் தாண்டாமல் இருக்கிறது? குளிர்நாட்டுப் பாடப்புத்தகம் ஓரத்தில் சொல்லிவிட்டுப் போகும் ஆபத்து நமக்கு அன்றாடம்.

கண்ணும் வியர்வையும்

சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மெத் எடுத்தவருக்கு இரண்டு மூன்று நாள் கழித்தும் அது பாசிட்டிவ் காட்டும். இன்றைய கோளாறுக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்காது. மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின்கூடச் சில கிட்டுகளை ஏமாற்றும். புதிய செயற்கைச் சரக்குகள் பல கிட்டுகளில் தெரியவே தெரியாது. கண்ணும் கையும்தான் நல்ல கருவி.

நோயாளியின் கண்மணியைப் பாருங்கள், பிறகு அக்குளைத் தொடுங்கள். கண்மணி விரிந்து, உடம்பு வியர்த்து நனைந்திருந்தால் ஊக்கப் பொருளைச் சந்தேகியுங்கள். கண்மணி விரிந்து, தோலும் வாயும் காய்ந்து, சிறுநீர் கட்டி, இல்லாத நூலை விரலால் பிடுங்கிக்கொண்டிருந்தால் ஊமத்தை அல்லது அதன் இன மருந்து. வியர்த்துக் கொட்டினாலும் கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, எச்சில் ஒழுகினால் பூச்சிமருந்து. இந்த மூன்றையும் நம் செவிலியர்கள் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

கிராமத்து டாக்டர்களுக்கு இன்னொரு அனுபவமும் கைகொடுக்கும். செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வரும் வியர்வை, படபடப்பு, ஏறிய அழுத்தம், நுரையீரல் நீர் எல்லாம் இதே நார்அட்ரினலின் புயல்தான். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் பிரசோசின் மாத்திரையால் அந்த மரணங்களைக் குறைத்துக் காட்டியதற்கு அடிப்படை, சுருங்கிய ரத்தக்குழாயைத் திறப்பது. இங்கும் அழுத்தத்தைக் குறைக்கும்போது அதே தர்க்கம் செல்லும்.

போதை என்று முடிவுகட்டும் முன் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பாருங்கள். தாழ்சர்க்கரைக்காரரும் வியர்த்துக் கொந்தளிப்பார். வெயில் தாக்கு, மூளைக்காய்ச்சல், தைராய்டு புயல், குடியை நிறுத்திய மூன்றாம் நாள் நடுக்கம் ஆகியவையும் இதே வேடத்தில் வரும். நல்லவேளையாக, கீழே சொல்லும் முதல் இரண்டு சிகிச்சைகள் இவற்றில் எதற்கும் பெரிதாகக் கெடுதல் செய்யாது.

கூட வந்தவர்களிடம் பேசுவது ஒரு கலை. "போலீஸுக்கே தெரியாது" என்று காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். "தம்பி, அவன் உயிருக்காகத்தான் கேக்குறேன். என்ன எடுத்தான், எப்ப எடுத்தான், புகையா, மூக்குலயா, ஊசியா, முழுங்கினானா? கூட குடிச்சானா?" இவ்வளவு போதும். ஐஸ், மெத், கிறிஸ்டல் என்றால் மெத்தம்ஃபெட்டமின். யாழ்ப்பாணத்திலும் ஐஸ் என்றே சொல்கிறார்கள். கோக், கோக்கி என்றால் கோகெய்ன். மோலி, எக்ஸ்டஸி என்பவை எம்.டி.எம்.ஏ. பெயரை முழுக்க நம்பவும் வேண்டாம். விற்றவன் சொன்ன பெயர் அது, பொட்டலத்துக்குள் இருப்பது வேறாக இருக்கலாம். மதுவும் கோகெய்னும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலீன் என்ற பொருள் உருவாகி, இதயத்தை இன்னும் நீண்ட நேரம் வாட்டும். குடித்தானா என்ற கேள்வி அதற்காக.

வீட்டாரும் நண்பர்களும்

நெஞ்சுவலி, வலிப்பு, தாங்கமுடியாத தலைவலி, உடம்பு நெருப்பாய்ச் சுடுவது, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், திடீரென்று அசையாமல் போவது இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழையுங்கள், இலங்கையில் 1990. வண்டி வரும்வரை நெரிசலிலிருந்து விலக்கிக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். சட்டையைக் கழற்றி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். விளக்கைக் குறைத்து, ஒரே ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்பும் வேண்டாம், வாயில் துணியும் வேண்டாம்.

போதை தெளிய மோர், எலுமிச்சைச் சாறு கொடுப்பது, வாந்தி எடுக்கவைப்பது, அறையில் பூட்டுவது, வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுப்பது எதுவும் உதவாது. குழம்பிய நிலையில் வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குப் போகும். குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்வதுதான் இவை எல்லாவற்றிலும் கொடியது. மூச்சுவிட இடமில்லாமல், திமிறத் திமிற ரத்தத்தில் அமிலம் ஏறி, இளைஞர்கள் அப்படியே இறந்திருக்கிறார்கள்.

கொந்தளிப்பை அடக்குவது

மருந்துதான் அடக்க வேண்டும், கயிறு அல்ல. நரம்பு வழி கிடைத்தால் டயஸிபாம் 5 முதல் 10 மி.கி. மெதுவாக ஏற்றி, அமைதியாகும்வரை 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். நரம்பு கிடைக்காவிட்டால் தசையில் மிடஸோலாம் 5 முதல் 10 மி.கி. டயஸிபாமைத் தசையில் போடாதீர்கள், உறிஞ்சப்படும் வேகத்தைக் கணிக்க முடியாது. லோரஸிபாம் 2 முதல் 4 மி.கி. நரம்பில் கொடுப்பதும் நல்லதே.

வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் என்று தெரிந்தே தொடங்குங்கள். முதல் ஊசிக்கு அசையவில்லை என்று கைவிட்டுக் கயிற்றைத் தேடுவதுதான் நம் மருத்துவமனைகளில் வழக்கமாக நடக்கும் பிழை. மூச்சையும் ஆக்ஸிஜன் அளவையும் பார்த்துக்கொண்டே, அழைத்தால் கண் திறக்கும் அளவுக்குத் தூக்கம் வரும்வரை கொடுங்கள். இந்த ஒரே மருந்து நாடியைக் குறைக்கும், அழுத்தத்தை இறக்கும், வலிப்பைத் தடுக்கும், தசையின் சூட்டையும் தணிக்கும். ஹாலோபெரிடால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், தெரியும். வலிப்பு வாசலைத் தாழ்த்துவதாலும் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கக்கூடும் என்பதாலும் அதை இரண்டாம் வரிசையில் வையுங்கள்.

ஊசி போடும் நொடிக்குப் பிடித்துத்தான் ஆகவேண்டும். மல்லாந்தோ ஒருக்களித்தோ கிடத்தி, கைகால்களை மட்டும் பிடியுங்கள், மருந்து வேலை செய்ததும் விட்டுவிடுங்கள்.

குளிரவைப்பது

அக்குளில் வைத்த தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். தோல் சுருங்கி வியர்த்திருப்பதால் அது குறைத்தே காட்டும். ஆசனவாய் வெப்பத்தைப் பாருங்கள். பாராசிட்டமால் இங்கே பயனில்லை. காய்ச்சலில் மூளை தானே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, அதை அந்த மாத்திரை இறக்குகிறது. இது தசையிலிருந்து வரும் சூடு.

40 டிகிரியைத் தாண்டி, நினைவும் குழம்பியிருந்தால் ஐஸ் தண்ணீரில் முக்குவதுதான் வேகமான வழி. தொட்டி இல்லையா? மீன் மார்க்கெட்டிலோ ஐஸ் கம்பெனியிலோ ஒரு மூட்டை உடைத்த ஐஸ் எந்த நேரத்திலும் கிடைக்கும். அவர்கள் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தார்ப்பாயில் நோயாளியைக் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, ஆறேழு குடம் தண்ணீரும் ஐஸும் கொட்டி அலம்பிக்கொண்டே இருக்க வேண்டும். தலைமாட்டில் ஒருவர் முகத்தையும் மூச்சுவழியையும் தண்ணீருக்கு மேலே காத்து நிற்க வேண்டும். ஈரத்துணியும் மின்விசிறியும் வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வையே காயாது, அங்கே அதை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். அரை மணிக்குள் 39க்குக் கீழே இறக்குவதே குறி. 38.5 நெருங்கியதும் ஐஸை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

நடுக்கம் வந்தால் இன்னொரு டோஸ் டயஸிபாம். அதற்கும் மசியாமல் 41ஐத் தாண்டி நின்றால் மயக்க மருத்துவரை அழைத்துக் குழாய் போட்டுத் தசையைத் தளர்த்துங்கள். ரோகுரோனியம் போதும்; தசை சிதைந்து பொட்டாசியம் ஏறியிருக்கக்கூடிய நோயாளிக்கு சக்சினைல்கோலின் இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 42 டிகிரி நோயாளியைப் பார்த்ததும் "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சீட்டு எழுதுவது சிகிச்சை அல்ல. இரண்டு மணி நேரப் பயணத்தில் மூளை வெந்துவிடும். முதலில் குளிரவையுங்கள், பிறகு அனுப்புங்கள். அதற்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. ஐஸ், தார்ப்பாய், டயஸிபாம், நான்கு ஆட்கள் போதும்.

நெஞ்சுவலி

"இருபத்திரண்டு வயசுதானே, கேஸ் பிடிச்சிருக்கும்" என்று அனுப்பாதீர்கள். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கோகெய்ன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு 24 மடங்கு ஏறுவதாகக் கண்டது. குழாய் அடைப்பே இல்லாத இதயத்திலும் ரத்தக்குழாய் இழுத்துப் பிடித்தே மாரடைப்பு வரும். வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுங்கள். டயஸிபாம், மெல்லும் ஆஸ்பிரின், நாக்கடியில் நைட்ரோகிளிசரின் என்ற வரிசை பெரும்பாலோருக்குப் போதும். தலைவலியோடு வந்தவருக்கோ, முதுகைக் கிழிக்கும் வலி உள்ளவருக்கோ ஆஸ்பிரினை நிறுத்தி வைத்து, மூளைக் கசிவும் மகாதமனிக் கிழிசலும் இல்லை என்று முதலில் பாருங்கள். அசல் மாரடைப்பு என்று ஈ.சி.ஜி. காட்டினால் ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவதே முதல் தேர்வு.

ப்ரோப்ரனலால், மெட்டோப்ரலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் பற்றி நிபுணர்களிடையே விவாதம் ஓய்ந்தபாடில்லை. ரத்தக்குழாயைத் திறக்கும் ஏற்பியை மூடிவிட்டு, சுருக்கும் ஏற்பியைத் திறந்து விடுவதால் அழுத்தம் இன்னும் ஏறக்கூடும் என்பதே அச்சம். லபெட்டலாலை ஆதரிப்பவர்களும் உண்டு. சிறிய மருத்துவமனையில் முதல் மணி நேரத்தில் இவை எதையும் தொடவேண்டாம் என்பது என் கருத்து. டயஸிபாமுக்கு இறங்காத அழுத்தத்துக்கு நைட்ரோகிளிசரின் சொட்டு, கிடைத்தால் ஃபென்டோலமின்.

ஈ.சி.ஜி.யில் கியூ.ஆர்.எஸ். அகன்றிருந்தால் கோகெய்ன் இதயத்தின் சோடியம் வழிகளை அடைத்திருக்கிறது. எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி ஈக்விவலன்ட் சோடியம் பைகார்பனேட் உடனே. ஈ.சி.ஜி.யும் ட்ரோபோனினும் சரியாக இருந்தாலும் 9 முதல் 12 மணி நேரம் கண்காணித்த பிறகே வீட்டுக்கு.

தண்ணீரே நஞ்சாகும் இடம்

எம்.டி.எம்.ஏ. எடுத்தவருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. சிறுநீரை நிறுத்தி வைக்கும் ஹார்மோனை அது சுரக்கவைக்கும். சூட்டுக்குப் பயந்து லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மூளை வீங்கும். 1995இல் இங்கிலாந்தின் எஸெக்ஸில் ஒரு மாத்திரை விழுங்கிவிட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ ஏழு லிட்டர் தண்ணீர் குடித்த பதினெட்டு வயதுப் பெண் இப்படித்தான் இறந்தார். அவரைக் கொன்றது மூளை வீக்கம்.

ஆகவே தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று வருபவருக்குச் சலைன் பாட்டிலைத் தொங்கவிடும் முன் சோடியம் அனுப்புங்கள். குறைந்து, வலிப்பும் இருந்தால் 3 சதவீத சலைன் 100 மி.லி. பத்து நிமிடத்தில், தேவைப்பட்டால் மேலும் இரண்டு முறை. மாறாக உடம்பு கொதித்து, சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் வந்தால் தசை சிதைந்திருக்கிறது. அவருக்குத் தாராளமாகச் சலைன் வேண்டும். நேரெதிரான இந்த இரண்டு தேவைகளும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் வரலாம் என்பதால்தான் சோடியத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மனச்சோர்வு மாத்திரையோ ட்ரமடாலோ எடுப்பவர் எம்.டி.எம்.ஏ.யும் எடுத்தால் செரடோனின் அளவு மீறும். கையைவிடக் கால் விறைத்திருக்கும். பாதத்தை மேல்நோக்கி வெடுக்கென்று தள்ளிப் பிடித்தால் அது தானே தாளம் போடும். டயஸிபாமும் ஐஸும் இங்கும் முதல். கூடவே பசி எடுக்கக் கொடுக்கும் சைப்ரோஹெப்டடின் 4 மி.கி. மாத்திரை மூன்றைப் பொடித்து மூக்குக் குழாயில் கொடுங்கள். பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை அரை மாத்திரை.

சுருக்கமாகச் சில

பொட்டலத்தை விழுங்கியவர் இப்போது நன்றாகப் பேசினாலும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. கோகெய்ன் பொட்டலம் உள்ளே வெடித்த அறிகுறி தெரிந்தால் உடனே அறுவைச் சிகிச்சை. மருந்தால் மட்டும் சமாளிக்கும் நிலை அது அல்ல. மூச்சு மந்தமாகி, கண்மணி சுருங்கினால் ஓபியாய்டும் கலந்திருக்கிறது. மூச்சுக்கு உதவிக்கொண்டே நலாக்சோன் சிறிது சிறிதாக. சந்தேகம் தீராவிட்டால் டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை இரவிலும் கேட்கலாம்.

சட்டமும் அதற்குப் பிறகும்

போலீஸ் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் சிகிச்சை என்பது சட்டமல்ல. உயிரைக் காப்பது எல்லா டாக்டருக்கும் முதல் கடமை, நடைமுறை பிறகு என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மருத்துவ-சட்டப் பதிவை எழுதுங்கள், ஆனால் ஊசி போட்ட பிறகு எழுதுங்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவையும் குடும்பத்தாருக்குச் சொல்லுங்கள். உட்கொண்டது அல்லது சிறிய அளவு வைத்திருந்தது சம்பந்தமான குற்றம் சாட்டப்பட்ட அடிமை நோயாளி, தானாக முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அந்த விலக்கை இழக்கலாம். பயந்து ஒளித்து வைத்த பிள்ளையைப் பல பெற்றோர் இது தெரிந்த பிறகுதான் வெளியே கூட்டிவருகிறார்கள்.

போதை இறங்கியதும் ஒரு நாள், இரண்டு நாள் தூக்கம், அகோரப் பசி, பிறகு கடுமையான மனச்சோர்வு. தற்கொலை எண்ணம் எட்டிப்பார்க்கும் நாட்கள் அவை. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மெத் பழக்கத்தை விடவைக்கும் மாத்திரை என்று அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை இல்லை. நால்ட்ரெக்ஸோன் ஊசியும் புப்ரோபியானும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2021இல் வெளியான சோதனையில் 13.6 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது, வெற்று மருந்தில் 2.5 சதவீதம். தொடர்ந்து வந்து பேசுவதும், சுத்தமாக இருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு ஊக்கப்பரிசு தரும் முறையும்தான் இதுவரை நன்றாக உதவியிருக்கின்றன. டிஸ்சார்ஜ் சீட்டின் மேலேயே போதை மீட்பு உதவி எண் 14446ஐயும், மனநல உதவிக்கு 14416ஐயும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அடுத்த வாரத்துக்கு ஒரு தேதியும் போடுங்கள். யாராவது ஒருவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்வரை அவரைத் தனியாக வாசலுக்கு அனுப்பாதீர்கள்.